கியோட்டோவில் மூன்று நாள்: பயணத்தைத் திட்டமிடும் முறை

கியோட்டோவின் பெரிய கோயில்களில் பெரும்பாலானவை மாலை 5 மணிக்கெல்லாம் அடைக்கப்பட்டுவிடும். நுழைவுச்சீட்டு விற்பனை அதற்கும் அரை மணி நேரம் முன்பே நின்றுவிடும். காலை 9 மணி தாண்டியதும், ஒசாகாவில் தங்கியிருப்பவர்களும் டோக்கியோவிலிருந்து அதிவேக ரயிலில் வருபவர்களும் குறிப்பிட்ட சில இடங்களிலேயே வந்து குவிகிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திட்டமிடுதலை எங்கே தொடங்க வேண்டும் என்பது விளங்கிவிடும். எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்ற பட்டியலுக்கு முன்பே, ஒவ்வொரு நாளும் காலை 6 மணி முதல் 9 மணி வரை எங்கே இருக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தை நல்லபடியாக அமைத்துக்கொண்டால் நாளின் எஞ்சிய பகுதி தானாக ஒழுங்குக்கு வரும்.

கியோட்டோ 794ஆம் ஆண்டு முதல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஜப்பானியப் பேரரசரின் தலைநகரமாக இருந்தது. கிழக்கு, வடக்கு, மேற்கு ஆகிய மூன்று பக்கங்களிலும் மலை சூழ்ந்த சமவெளியில், சீனத்தின் சாங்கான் நகரை முன்மாதிரியாகக் கொண்டு, தெருக்களைக் கட்டம் கட்டமாகப் போட்டு அதை அமைத்தார்கள். ஆனால் இன்று பயணிகள் தேடிச் செல்லும் கோயில்களில் பல, நகரின் நடுவில் இல்லாமல், அந்த மலைகளின் அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று எதிரெதிர் விளிம்புகளில் அமைந்திருக்கின்றன. கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று, மறுபடியும் கிழக்கில் ஒன்று என்று ஒரே நாளில் சேர்த்துக்கொள்பவர்களுக்குப் பாதிப் பொழுது பேருந்திலேயே கழிந்துவிடும். ஆகவே ஒரு நாளுக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்வதே சிறந்தது. கியோட்டோவிலும் அதை அடுத்த ஊஜி, ஓட்சு நகரங்களிலும் உள்ள 17 இடங்களை யுனெஸ்கோ 1994இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மூன்று நாளில் அவற்றில் ஏழெட்டைப் பார்த்தாலே அது நிறைவான பயணம்தான்.

எப்போது செல்வது

செர்ரி மலரும் மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கம், இலைகள் சிவக்கும் நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலான நாள்கள் ஆகியவை கியோட்டோவின் அழகு உச்சத்தில் இருக்கும் காலம். கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். அந்தக் காட்சிகளுக்காகவே செல்வதானால் பல மாதங்களுக்கு முன்பே அறையைப் பதிவு செய்வதோடு, சனி, ஞாயிறு இரண்டையும் தவிர்க்க முயல வேண்டும். ஏப்ரல் இறுதியிலிருந்து மே முதல் வாரம் வரை ஜப்பானியர்களுக்குத் தொடர் விடுமுறை என்பதால் அந்த வாரத்தை விட்டுவிடுவது நல்லது. ஜூனில் மழைக்காலம் தொடங்குகிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலைகளுக்கு நடுவே காற்று தேங்கி, 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் புழுக்கமும் சேர்ந்து, சென்னையில் பழகியவர்களையும் சோர்வடையச் செய்யும். ஜூலை 17, 24 தேதிகளில் கியோன் திருவிழாவின் தேர் ஊர்வலங்களும், ஆகஸ்ட் 16 இரவில் மலைச்சரிவுகளில் தீ வளர்க்கும் சடங்கும் நடப்பதால், அவற்றைக் காண விரும்புபவர்கள் அந்த வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குளிரைத் தாங்க முடிந்தவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஜனவரி நடுப்பகுதியும் பிப்ரவரியும். கூட்டம் குறைவு, அறைகள் மலிவு, வானமும் பல நாள்களில் தெளிவாக இருக்கும். ஆனால் சூரியன் 7 மணியளவில்தான் உதிக்கும். சில கோயில்கள் வழக்கத்தைவிட முன்னதாகவே, 4 அல்லது 4.30 மணிக்கு, மூடிவிடும். கோடையில் 5 மணிக்கெல்லாம் விடிந்துவிடும். எனவே எந்த மாதத்தில் செல்கிறோமோ அந்த மாதத்தின் சூரிய உதயத்தையும், ஒவ்வொரு கோயிலும் அந்தப் பருவத்தில் மூடும் நேரத்தையும் திட்டத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசாவை முன்கூட்டியே பெற வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும், மின்சில்லு பதித்த மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் குறுகிய சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. விமான நிலையத்தில் வரிசையைச் சுருக்க, ஜப்பான் அரசின் விசிட் ஜப்பான் வெப் தளத்தில் குடிநுழைவு, சுங்க விவரங்களை முன்பே நிரப்பிவைக்கலாம்.

தங்குமிடமும் போக்குவரத்தும்

கியோட்டோவுக்கென்று விமான நிலையம் கிடையாது. கடலில் செயற்கைத் தீவு அமைத்துக் கட்டப்பட்டு 1994இல் திறக்கப்பட்ட கன்சாய் விமான நிலையத்தில் இறங்கி, ஹருகா என்ற விரைவு ரயிலைப் பிடித்தால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் கியோட்டோ நிலையத்தை அடையலாம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு இந்த ரயிலில் சலுகைச் சீட்டு உண்டு. டோக்கியோவிலிருந்து வருபவர்களுக்கு நொசோமி அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரம் ஆகும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டி இருந்தால், அதற்கான இடத்தோடு இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். ஒரு வாரத்துக்குச் செல்லும் ஜப்பான் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. கியோட்டோவை மட்டும் சுற்றும் குறுகிய பயணத்துக்கு அதை வாங்கத் தேவையில்லை.

ஒசாகாவில் அறை எடுத்துக்கொண்டு தினமும் கியோட்டோவுக்குப் போய்வரலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். ரயிலில் அரை மணி நேரம்தான் ஆகும் என்பது உண்மையே. ஆனால் அறையிலிருந்து நிலையத்துக்கு நடப்பது, ரயில் மாறுவது எல்லாவற்றையும் சேர்த்தால், விலைமதிப்புள்ள அந்த அதிகாலை கைநழுவிவிடுகிறது. கியோட்டோவிலேயே தங்குவதுதான் இந்தத் திட்டத்துக்கு அடிப்படை. கியோட்டோ நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதி பழமை அழகு கொண்டதல்ல. இருந்தாலும் விமான நிலைய ரயில், தெற்கே ஃபுஷிமிக்குச் செல்லும் ரயில், மேற்கே அராஷியாமாவுக்குச் செல்லும் ரயில் ஆகிய மூன்றும் அங்கேயே கிடைப்பதால், குறுகிய பயணத்துக்கு அதையே நான் முதலில் சொல்வேன். மாலையில் கடைத்தெருவும் ஆற்றங்கரையும் நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும் என்று விரும்புபவர்கள், சுரங்க ரயிலின் கராசுமா தடத்தில் உள்ள ஷிஜோ நிலையத்தின் அருகே தங்கலாம். எங்கே தங்கினாலும் அறை வாடகைக்கு ஏற்ப ஒவ்வொருவரும் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சிக்குத் தங்கும் வரி செலுத்த வேண்டும். 2018இல் தொடங்கிய இந்த வரி, பதிவு செய்யும்போது காட்டப்படும் தொகையில் சேராமல் இருக்கக்கூடும்.

நகரப் பேருந்துகள் எல்லா இடங்களுக்கும் செல்கின்றன. நகரின் பெரும்பகுதிக்கு ஒரே கட்டணம், பெரியவர்களுக்கு 230 யென். பின்வாசலில் ஏறி, இறங்கும்போது முன்வாசலில் பணம் செலுத்த வேண்டும். சுற்றுலாத் தடங்களில் அவை நிரம்பி வழிவதால் உள்ளூர்ப் பெரியவர்கள் மருத்துவமனைக்குப் போகக்கூட ஏற முடியாத நிலை ஏற்படுகிறது; பெரிய பெட்டியோடு பேருந்தில் ஏறுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். ரயிலில் எட்ட முடிந்த இடத்துக்கு ரயிலில் சென்று, மீதியை நடப்பதே விரைவானதும் நாகரிகமானதும் ஆகும். இகோகா போன்ற பணம் நிரப்பும் அட்டை ஒன்று இருந்தால், ரயில், சுரங்க ரயில், பேருந்து எல்லாவற்றுக்கும் அதுவே போதும். சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் பொதுவான ஒரு நாள் சீட்டு 1,100 யென். அதற்கு ஈடாக ஒரே நாளில் ஐந்து முறையாவது ஏறி இறங்க வேண்டும். மேலும் அது ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலிலும் கெய்ஹான் போன்ற மற்ற தனியார் ரயிலிலும் செல்லாது. கீழே சொல்லும் வழிகளில் செல்பவர்களுக்கு அந்தச் சீட்டு தேவைப்படாது.

முதல் நாள்: கிழக்கு மலையடிவாரம்

கியோமிசுதேரா காலை 6 மணிக்கே திறக்கும் கோயில். 778இல் தோன்றியதாகக் கருதப்படும் இந்தக் கோயிலின் இப்போதைய தலைமைக் கட்டடம் 1633இல் எழுப்பப்பட்டது. மலைச்சரிவிலிருந்து 13 மீட்டர் உயரத்தில் நீண்டு நிற்கும் அதன் மரமேடையைத் தாங்கும் தூண்களும் குறுக்குச் சட்டங்களும் ஆணி இல்லாமல் பொருத்தப்பட்டவை. அந்த நேரத்தில் மேடையில் நின்றால் நகரம் முழுவதையும் அமைதியாகப் பார்க்கலாம். 10 மணிக்கு அதே மேடையில் கைப்பிடியை அணுகுவதே கடினம். மூன்று நான்கு பேராகச் செல்பவர்கள் அந்த விடியற்காலைப் பயணத்துக்கு மட்டும் டாக்ஸி எடுத்துக்கொள்வது நியாயமான செலவு.

கோயிலிலிருந்து இறங்கி, சன்னென்சாக்கா, நினென்சாக்கா என்ற கல் பாவிய சரிவுத் தெருக்களின் வழியே வடக்கு நோக்கி நடக்க வேண்டும். இருபுறமும் பழைய மரவீடுகளும், நடுவே 46 மீட்டர் உயரமுள்ள யாசாக்கா கோபுரமும் தெரியும். கடைகள் திறக்காத நேரம் என்பது இங்கே குறையாகாது; தெருவின் உண்மையான வடிவம் அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும். கொடைஜி கோயில் 9 மணிக்குத் திறக்கும். ஹிதேயோஷி என்ற ஆட்சியாளரின் நினைவாக அவருடைய மனைவி 1606இல் எழுப்பிய அந்தக் கோயிலின் தோட்டத்தையும் மூங்கில் தோப்பையும் பார்த்துவிட்டு, யாசாக்கா ஆலயம் வழியாகக் கியோன் பகுதிக்கு வந்துவிடலாம். கியோனில் சில சந்துகள் தனியாருக்குச் சொந்தமானவை. நுழைந்தால் அபராதம் என்ற அறிவிப்புப் பலகைகள் 2024 முதல் அங்கே வைக்கப்பட்டுள்ளன. வேலைக்கு விரைந்து செல்லும் ஆடல் பாடல் கலைஞர்களான கெய்ஷாக்களையும், அதற்குப் பயிற்சி பெறும் மைகோக்களையும் வழிமறித்துப் படம் எடுப்பது அவர்களுக்குப் பெரும் தொல்லையாகிவிட்டதன் விளைவு அது. அந்த அறிவிப்புகளை மதித்து நடப்பது விருந்தினரின் கடமை.

மதிய உணவுக்குப் பிறகு சுரங்க ரயிலின் தோசாய் தடத்தில் கேஆகே நிலையத்துக்குச் சென்றால், நன்சென்ஜி கோயிலை நடந்தே அடையலாம். அதன் வளாகத்துக்குள்ளேயே செங்கல் வளைவுகளால் ஆன நீர்ப்பாலம் ஒன்று கம்பீரமாக நிற்கிறது. தலைநகரம் டோக்கியோவுக்குப் போனபின் சோர்ந்துபோன நகரத்துக்கு உயிரூட்ட, பீவா ஏரியிலிருந்து மலையைக் குடைந்து கால்வாய் வெட்டினார்கள். 1890இல் முடிந்த அந்தக் கால்வாயின் கிளை நீர் இந்தப் பாலத்தின் மேல் இன்றும் ஓடுகிறது. அதே நீரைக்கொண்டு கேஆகேயில் மின்சாரம் எடுத்து, 1895இல் ஜப்பானின் முதல் மின்சார டிராமை இந்த நகரத்தில் ஓட்டினார்கள். கோயில்களை மட்டுமே பார்த்துச் செல்பவர்கள் கியோட்டோவின் இந்த முகத்தைத் தவறவிடுகிறார்கள். அங்கிருந்து வடக்கே, கால்வாய்க் கரையை ஒட்டி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளும் தத்துவஞானியின் பாதையில் நடந்தால், அதன் முடிவில் கிங்காகுஜி எனும் வெள்ளி மண்டபம் இருக்கிறது. பெயருக்கு ஏற்ற வெள்ளித் தகடு அதன்மேல் இல்லை. மணலைக் குவித்துச் செதுக்கிய தோட்டமும் பாசி படர்ந்த சரிவுமே அங்கே காண வேண்டியவை. 4 மணிக்குள் அங்கே சேர்ந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: தெற்கு

ஃபுஷிமி இனாரி ஆலயத்துக்குக் கதவும் கட்டணமும் கிடையாது. இரவும் பகலும் திறந்தே இருக்கும். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தமான இனாரியில் இறங்கினால் ஆலயம் நேர் எதிரே நிற்கும். நெல்லுக்கும் வணிகச் செழிப்புக்கும் உரிய தெய்வத்தின் இருப்பிடமான 233 மீட்டர் மலையில், ஆயிரக்கணக்கான செந்நிறத் தோரணவாயில்கள் வரிசையாகப் படியேறிச் செல்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவரோ ஒரு நிறுவனமோ காணிக்கையாக நட்டது. திரும்பி இறங்கும்போது தூண்களின் பின்புறத்தில் அவர்கள் பெயர்களைப் பார்க்கலாம். பெரும்பாலானவர்கள் முதல் கால்வாசித் தொலைவிலேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 7 மணிக்கு முன் வந்து, நகரம் கீழே விரியும் யொட்சுட்சுஜி சந்திப்பு வரையாவது ஏறிவிடுங்கள். மலையை முழுவதும் சுற்றிவர இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதை வற்புறுத்திச் செய்ய வேண்டியதில்லை.

அடுத்துக் கெய்ஹான் ரயிலில் ஷிச்சிஜோவில் இறங்கி, சஞ்சூசங்கெண்டோவுக்கு நடக்க வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பயணத்தில் ஒரே ஒரு மண்டபத்தைத்தான் பரிந்துரைக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள மரமண்டபத்தில், அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரின் ஜப்பானிய வடிவமான கன்னோனின் 1,001 திருவுருவங்கள் பொன்பூச்சோடு அணிவகுத்து நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் காவலாக நிற்கும் 28 தெய்வங்களில் பிரம்மனும் இந்திரனும் கருடனும் அசுரனும் இருக்கிறார்கள். இந்தியாவில் பிறந்து, பௌத்தத்தோடு சேர்ந்து சீனம் வழியாகக் கிழக்கே சென்ற தெய்வங்கள் அவர்கள். கருடன் அங்கே புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருப்பார். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை என்பதால், ஒவ்வொரு முகமாக நின்று பார்க்க ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள்.

பிற்பகலில் கியோட்டோ நிலையத்தின் தென்மேற்கே, நடந்து போகும் தொலைவிலுள்ள தோஜி கோயிலுக்குச் செல்லலாம். ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுள்ள அதன் ஐந்தடுக்குக் கோபுரம் ஜப்பானிலேயே மிக உயரமான மரக்கோபுரம். ஆனால் அதைவிட அருமையானது அதன் உரை மண்டபம்: கூகாய் என்ற துறவியின் திட்டப்படி மண்டல (பௌத்தப் பிரபஞ்ச வரைபட) அமைப்பில் நிறுத்தப்பட்ட 21 சிலைகளில், அன்னங்கள் தாங்கும் பீடத்தில் பிரம்மனும் யானைமேல் இந்திரனும் அமர்ந்திருப்பதை யாரும் விளக்காமலேயே நம்மவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். பயணம் மாதத்தின் 21ஆம் தேதியோடு பொருந்தினால், அன்று கோயில் வளாகத்தில் கூடும் பழம்பொருள் சந்தையைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

மூன்றாம் நாள்: மேற்கும் வடமேற்கும்

அராஷியாமாவின் மூங்கில் காட்டுப் பாதை சிறியது. சில நிமிடங்களில் நடந்து கடந்துவிடலாம். அதனாலேயே கூட்டம் வந்தபின் அங்கே காண எதுவும் மிஞ்சுவதில்லை. கியோட்டோ நிலையத்திலிருந்து சாகா அராஷியாமாவுக்குக் கால் மணி நேர ரயில் பயணம்தான் என்பதால் 7 மணிக்கு அங்கே இருப்பது எளிது. 8.30 மணிக்கு, 1339இல் தோன்றிய தென்ரியூஜி கோயிலின் தோட்டம் திறக்கும்; பின்னாலுள்ள மலையையே தோட்டத்தின் பகுதியாகத் தோன்றச் செய்யும் அந்த அமைப்பை, குளத்தின் எதிரே திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அங்கிருந்து கின்காகுஜி எனும் பொன் மண்டபத்துக்குச் செல்ல, நகரின் மையத்துக்குத் திரும்பிப் பேருந்து பிடிக்கத் தேவையில்லை. ரான்டென் எனப்படும் சிறிய டிராமில் அராஷியாமாவில் ஏறி, கதாபிராநோசுஜியில் தடம் மாறி, ரியோவான்ஜி நிலையத்தில் இறங்கலாம். ரியோவான்ஜியின் கல் தோட்டத்தில் 15 கற்கள் உள்ளன. எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்தே இருக்கும். அங்கிருந்து இருபது நிமிட நடையில் பொன் மண்டபம். 1950இல் இளம் துறவி ஒருவர் வைத்த தீயில் அழிந்து 1955இல் மீண்டும் கட்டப்பட்ட அதை, ஒருவழிப் பாதையில் நடந்தபடி பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் போதும். திரும்பும்போது பேருந்தில் கிதாஓஜி வரை சென்று சுரங்க ரயிலுக்கு மாறுங்கள். நிலையம் வரை பேருந்திலேயே வருவதைவிட இது சுலபம்.

உணவும் சில ஏற்பாடுகளும்

சைவ உணவு உண்பவர்களுக்குக் கியோட்டோ ஜப்பானின் மற்ற நகரங்களைவிட இடம் கொடுக்கும் ஊர்; கோயில்களில் வளர்ந்த ஷோஜின் சமையலில் இறைச்சியும் மீனும் சேர்வதில்லை. தென்ரியூஜி வளாகத்திலுள்ள ஷிகெட்சு உணவகத்தில் அதை மதியத்தில் உண்ணலாம். முன்பதிவு செய்துகொள்வது நல்லது. நன்சென்ஜியைச் சுற்றிலும் டோஃபு உணவகங்கள் இருக்கின்றன. ஆனால் சாதாரணக் கடைகளில் காய்கறியும் டோஃபுவும் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தாலும், குழம்பு வடிசாறு பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்ததாக இருக்கும். ‘இறைச்சி, மீன், மீன் வடிசாறு எதுவும் வேண்டாம்’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய குறிப்பைக் கைப்பேசியில் வைத்திருந்து காட்டுங்கள். பொடி, ஊறுகாய் எடுத்துச் செல்பவர்கள், இறைச்சி சேர்ந்த பொருள்களையும் ஆய்வுச் சான்றில்லாத பச்சைப் பழம், காய்கறிகளையும் ஜப்பானுக்குள் கொண்டுசெல்லக் கூடாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பல கோயில்கள் நுழைவுக் கட்டணத்தை ரொக்கமாகவே வாங்குகின்றன; செவன் இலெவன் கடைகளிலுள்ள ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைகள் செல்லும். மண்டபங்களில் செருப்பைக் கழற்ற நேரும் என்பதால் எளிதில் மாட்டிக் கழற்றக்கூடிய, அதே நேரத்தில் நாள் முழுவதும் நடக்கத் தாங்கும் காலணியும் காலுறையும் வேண்டும். தெருக்களில் குப்பைத்தொட்டிகள் அரிது. சிறு பையொன்றை உடன் வைத்திருங்கள்.

புறப்படும் நாளில், காலையில் அறையைக் காலி செய்து பெட்டியை விடுதியிலோ நிலையத்துப் பூட்டறையிலோ வைத்துவிட்டு, 1603இல் தொகுகவா இயெயாசு என்ற ஆட்சியாளர் எழுப்பிய நிஜோ கோட்டையையோ, நிஷிகி சந்தையையோ பார்க்கலாம். கோட்டையின் அரண்மனைக் கூடங்கள் சில மாதங்களில் செவ்வாய்க்கிழமை மூடப்பட்டிருக்கும். சர்வதேச விமானத்துக்குக் குறைந்தது ஐந்து மணி நேரம் முன்பு கியோட்டோ நிலையத்தில் இருக்குமாறு வைத்துக்கொள்ளுங்கள். கன்சாய் தீவை இணைக்கும் கடற்பாலத்தில் காற்று பலமாக வீசினால் ரயில்களை நிறுத்திவிடுவார்கள். அத்தகைய நாளில் நிலையத்தின் தெற்குப் பக்கமான ஹச்சிஜோ வாசலில் புறப்படும் விமான நிலையப் பேருந்து ஓடுகிறதா என்று முதல் வேலையாக விசாரிக்க வேண்டும்.